வாட்டுமாடிக் கம்ப்யூட்டரில் ஒரு பழைய பைத்தான்

போன வாரம் கவிதா போன் பண்ணினாள். நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இப்போது கம்ப்யூட்டர் பொறுப்பு அவளிடம்தான். பழைய பெட்டிகளில் புது விண்டோஸ் ஏறாதாம். எல்லாவற்றையும் கழித்துக்கட்டிவிட்டுப் புதுசு வாங்கியிருக்கிறார்கள்.

"அக்கா, எல்லாம் பளபளன்னு இருக்கு. பைத்தான் எது போடறது, எப்படிப் போடறதுன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். வாயில சொன்னா மறந்துடுவேன் லா" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். முறையை மட்டும் எழுதினால் அரைப் பக்கம்தான் வரும். ஆனால் அதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாராவது ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த கதை இருக்கிறது. கதையை விட்டுவிட்டு முறையை மட்டும் கொடுத்தால், படிக்கிறவள் "இது எதுக்கு" என்று ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுவாள். தாண்டிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆகவே கதையோடு சேர்த்தே எழுதுகிறேன். கவிதா பொறுத்துக்கொள்ளட்டும். இந்தக் கதையில் அவளும் வருகிறாள்.

அந்த ஆபீசில் நான் சேர்ந்தது கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியாக. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதைத் தொடப் பயப்படாதவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னை ஈப்போவுக்கு வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே படித்ததில் பாதி மறந்துபோனது, மீதி பழசாகிப்போனது. உருப்படியாகத் தெரிந்துகொண்டதெல்லாம் பெட்டி மக்கர் பண்ணிய நாட்களில்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் புரோகிராம் எழுதுகிறவள் அல்ல. எங்கள் ஃபேக்டரிக்கான புரோகிராமை எழுதியது ஒப்பந்தத்தில் வந்த ஓர் இஞ்சினியர். அது ஓட வேண்டுமானால் பைத்தான் என்ற மொழி அந்தப் பெட்டியில் ஒழுங்காக நிறுவப்பட்டிருக்க வேண்டும். அதை நிறுவுவதும், நிறுவியது கெடாமல் பார்த்துக்கொள்வதும்தான் என் வேலை. வீடு கட்டினவருக்குப் புதுமனை புகுவிழா அன்று மாலை போடுவார்கள். கூரையைப் பார்த்துக்கொள்கிறவர் ஒவ்வொரு மழைக்கும் ஏணி வைத்து ஏற வேண்டும். எனக்கு ஏணி பிடித்திருந்தது.

இஞ்சினியர் ஒப்பந்தம் முடிந்து போன மறு வாரமே முதல் பாடம் வந்தது. காலையில் பெட்டியைத் திறந்தால் புரோகிராம் ஓடவில்லை, பைத்தானையே காணோம். பைத்தான் என்று தட்டினால் விண்டோஸ் தன்னுடைய கடைப் பக்கத்தைத் திறந்து, வாங்கிக்கொள்கிறாயா என்பதுபோல் நின்றது. விஷயம் இதுதான். அந்த மனிதர் நிறுவும்போது முதல் திரையில் பெரிதாகத் தெரிந்த பொத்தானை அமுக்கியிருக்கிறார். அப்படிச் செய்தால் பைத்தான் பெட்டிக்குச் சொந்தமாகாது, நிறுவியவரின் கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் போனதும் தலைமை ஆபீசில் அவர் கணக்கை அழித்துவிட்டார்கள். கணக்கோடு பைத்தானும் போய்விட்டது.

அன்றைக்குத்தான் ஃபேக்டரி மேனேஜர் ஞானராஜ் சார் என் மேசைப் பக்கம் முதன்முதலாக வந்து உட்கார்ந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்த மேலதிகாரிகளில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு மூச்சு விடுவார்கள். ஞானராஜ் சார் அப்படியில்லை. உள்ளே வந்ததும் மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பியூன் உட்காரும் குட்டை முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அதில் அவர் உட்கார்ந்தால் என்னைவிடத் தாழ்வாக இருப்பார், திரையை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். வேண்டுமென்றேதான் அப்படி உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். ஆளும் நல்ல உயரம்.

யார் செய்தது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்.

"நேத்து ஓடிச்சா?"

"ஓடிச்சு சார்."

"அப்ப நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன மாறிச்சு?"

அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பதில் கண்டுபிடிக்கும்வரை ஒரு வார்த்தை வராது. சிலருடைய மௌனம் நம்மை அவசரப்படுத்தும். அவருடையது அப்படியில்லை, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தைக் கொடுக்கும். அந்த ஒரு கேள்வியை வைத்தே என் வேலைக்காலம் முழுவதையும் ஓட்டினேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

சரி, முறைக்கு வருகிறேன். நிறுவும்போது பெரிய பொத்தானை அமுக்காதே, கவிதா. அதற்குக் கீழே, நாமாகத் தேர்ந்துகொள்ளும் வழி ஒன்று இருக்கும், அதில் போ. எல்லாப் பயனாளர்களுக்கும் என்ற கட்டத்தில் டிக் போடு. எந்த ஃபோல்டரில் உட்காருகிறது என்று பார்த்து, அந்த விலாசத்தைப் பெட்டியின் முதுகிலேயே எழுதி ஒட்டு. முதல் திரையின் அடியில் பாத் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பாத் என்பது விண்டோஸ் ஒரு பெயரைக் கேட்டதும் எந்தெந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பது என்பதற்கான வரிசை. ஒரே பைத்தான் உள்ள பெட்டியில் அந்தக் கட்டத்தில் டிக் போடலாம். இரண்டு இருந்தால் யோசித்துப் போடு.

இரண்டு எதற்கு என்று கேட்பாய். ஒரே மொழிக்கு ஒரே பெட்டியில் பழசு ஒன்று, புதுசு ஒன்று என்று இரண்டு வைத்திருப்பது பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். எங்கள் பெட்டியில் அப்படித்தான் இருந்தது. காரணம் வாட்டுமாடி.

பறித்த கொழுந்தில் தண்ணீர் அதிகம். ஃபேக்டரியின் மேல்தளத்தில் நீளநீளமான தொட்டிகளில் அதை விரித்து, அடியிலிருந்து காற்றாடி ஊதி, இரவெல்லாம் வாட்ட வேண்டும். அந்த மேல்தளம்தான் வாட்டுமாடி. கொழுந்து பக்குவமாக வாடினால்தான் கீழே ரோலரில் ஒழுங்காகச் சுருளும். குறைவாக வாடினால் கூழாகிவிடும். அதிகமாக வாடினால் நொறுங்கிப்போகும், டீயில் ருசி இருக்காது. எந்தத் தொட்டியை எப்போது இறக்குவது என்று சொல்கிறவர் டீ மேக்கர். எங்களுக்கு டீ மேக்கர் முனியாண்டி அண்ணன்.

ஒவ்வொரு தொட்டியிலும் உள்ளே போகிற காற்றின் ஈரத்தையும் வெளியே வருகிற காற்றின் ஈரத்தையும் அளக்கிற மீட்டர்கள் இருந்தன. அவற்றின் பெட்டி மிகப் பழையது. அதோடு பேசத் தெரிந்த டிரைவர் முப்பத்திரண்டு பிட் பைத்தானோடுதான் ஒட்டும். புதுப் பைத்தானைக் கண்டால் வாயே திறக்காது. ஆகவே மீட்டருக்கு ஒரு பழைய பைத்தான், ஆபீஸ் அறிக்கைகளுக்கு ஒரு புதுப் பைத்தான். தொட்டிக்கு இரண்டு கோடு வரைந்து, ஒரு படமாக்கி, வாட்டுமாடியில் மாட்டியிருந்த டிவிக்கு அனுப்புவது அந்தப் பழைய பைத்தானின் வேலை. இரண்டு கோடும் நெருங்கி வந்தால் கொழுந்து வாடிவிட்டது என்று அர்த்தம்.

முதலில் அந்த டிவியை யாரும் மதிக்கவில்லை. முனியாண்டி அண்ணன் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார். ஒரு கைப்பிடி கொழுந்தை அள்ளி மூக்கில் வைப்பார். பச்சை வாசம் போய், பழ வாசம் வர வேண்டும். வந்துவிட்டால், "எறக்கு" என்பார். அவ்வளவுதான்.

பெருந்தொற்றுக் காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. பிழைத்து வந்துவிட்டார், மெலிந்திருந்தார், மற்றபடி எல்லாம் சரி என்றுதான் நினைத்தோம். ஒருநாள் டிரையரில் ஒரு பெல்ட் தீய்ந்து ஃபேக்டரி முழுக்க ரப்பர் நாற்றம். ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுகிறார்கள். முனியாண்டி அண்ணன் அந்த டிரையருக்குப் பக்கத்திலேயே நின்று, சாவகாசமாகத் தூளைக் கையில் உதிர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானராஜ் சார் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார்.

அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நான் என் இடத்தில் இருந்தேன். சார் மேசை டிராயரிலிருந்து தைலப் புட்டியை எடுத்தார். எங்கள் பக்கத்தில் மிஞ்ஞாக் ஆங்கின் என்போம், திறந்தால் அடுத்த அறையில் தூங்குகிறவனுக்கும் தும்மல் வரும்.

"முனியாண்டி, கண்ண மூடுங்க" என்று சொல்லி, மூடியைத் திறந்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தார். "என்ன வாசம்?"

அண்ணன் கண்ணை மூடியபடியே நின்றார். "தெரியல சார்" என்றார்.

"எப்பருந்து?"

"காய்ச்சல்லருந்து. டாக்டரு வரும்னாரு. வரல."

சார் புட்டியை மூடி டிராயரில் வைத்தார். சாவியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். மூக்கு இல்லாத டீ மேக்கர் என்று கோலாலம்பூர் தலைமை ஆபீசுக்குத் தெரிந்தால் மருத்துவக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். அண்ணனின் மனைவி ராஜம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராது. தோட்டத்து வேனில்தான் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் பாக்கி. அறையில் இருந்த மூன்று பேருக்கும் இது தெரியும்.

பிறகு சார் முக்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தார். "செல்வி, அந்த டிவி கோடு எவ்வளவு நம்பலாம்?"

"பொட்டி ஓடுற வரைக்கும் நம்பலாம் சார்."

"அப்ப அது ஓடிக்கிட்டே இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க இங்க எதையும் கேக்கல" என்றார்.

"என்ன கேக்கல சார்?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். முனியாண்டி அண்ணன் சிரிக்கவில்லை. போகும்போது என்னைப் பார்த்துக் கை கூப்பினார். என்னைவிட மூத்தவர் கை கூப்பினால் எனக்கு என்னவோபோல் ஆகிவிடும். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்தப் பழைய பைத்தானைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டேன். அதற்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கி, அதற்கு வேண்டிய, பேக்கேஜ் என்கிற துணைப் பொதிகளை மட்டும் அதற்குள் வைத்தேன். விண்டோஸ் அப்டேட் வந்தால், கொழுந்து இல்லாத நாளாகப் பார்த்துத்தான் விடுவேன். நிறுவும் கோப்பையும் துணைப் பொதிகள் அத்தனையையும் ஒரு தம்ப் டிரைவில் இறக்கி, ஈரம் படாமல் அரிசி போட்ட பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன். மலையில் பனி இறங்கினால் இன்டர்நெட் முதலில் படுத்துவிடும். வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம் என்ற பேச்செல்லாம் டவுன்காரர்களுக்குச் சரிப்படும்.

அண்ணன் அண்ணாந்து பார்க்கப் பழகினார். கையால் கொழுந்தைப் பிடித்துப் பார்ப்பார், வழக்கம்போல் மூக்குக்கும் கொண்டுபோவார், பிறகு யாரும் பார்க்காதபோது டிவியைப் பார்ப்பார். டீயும் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

இனி ஆயுத பூஜைக் கதை. கவிதா, நீ உட்கார்ந்து படி.

எங்கள் ஃபேக்டரியில் ஆயுத பூஜையை முன்னின்று நடத்துகிறவர் முனியாண்டி அண்ணன்தான். அன்று காலையில் மட்டும் கொழுந்து பறிப்பார்கள். தொட்டியில் விரித்துக் காற்றாடியைப் போட்டுவிட்டால் மற்ற எல்லாம் நிற்கும். ரோலரைக் கழுவி, லோரியைக் கழுவி, கொழுந்து வெட்டும் கத்திரியிலிருந்து ஆபீஸ் ஸ்டேப்ளர்வரை துடைத்துப் பொட்டு வைப்பார்கள். சாயங்காலம் பூஜை. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை தேங்காய் உடைத்து இறக்கும்வரை யாரும் தொடக் கூடாது. இதில் அண்ணன் ரொம்பக் கறார். ஒரு வருஷம் ஒருவன் மறந்துபோய் ஸ்பேனரை எடுத்துவிட்டான். அன்றைக்கு அவன் வாங்கிய திட்டு தீபாவளிவரை தாங்கியது.

அந்த வருஷம் கவிதா வேலைக்குப் புதுசு. கோலாலம்பூரில் பட்டம் வாங்கி வந்தவள், சுறுசுறுப்பு. நான் கேன்டீனில் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் கிண்டப் போய்விட்டதால் ஆபீஸ் சுத்தம் அவள் பொறுப்பு. விசைப்பலகையைத் துடைத்தாள். பெட்டியைத் திறந்து தூசி ஊதினாள். அதோடு நிற்கவில்லை. வெளியே சுத்தம் பண்ணினால் போதுமா, உள்ளேயும் பண்ண வேண்டாமா என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. தேவையில்லாத புரோகிராம்களை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறாள். இரண்டு பைத்தான் இருந்தது. புதுசு இருக்கும்போது பழசு எதற்கு? ஏதோ ஒரு கறுப்பு ஜன்னல் ஓடிக்கொண்டிருந்தது, அதை மூடினாள். பழசை நீக்கினாள். பூஜையில் எல்லாவற்றுக்கும் முன்னால் எங்கள் விசைப்பலகைதான் பளிச்சென்று இருந்தது. நானே அவளைப் பாராட்டினேன்.

மறுநாள் காலை நான் ஆபீசுக்குள் நுழையும்போது முனியாண்டி அண்ணன் வாசலில் நின்றிருந்தார். குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி. முகம் மட்டும் சரியில்லை.

"செல்வி, கோடு நகரல."

"எந்தக் கோடு?"

"எல்லாம் லா. நான் வந்ததுலருந்து பாக்கறேன். நேத்து மத்தியானம் எப்படி இருந்துச்சோ அப்படியே நிக்குது."

மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்தேன். டிவியில் படம் இருந்தது, தெளிவாக, அழகாக. புரோகிராம் செத்துப்போனாலும் அது கடைசியாக வரைந்த படம் அப்படியே நிற்கும் என்பதை நான் யோசித்ததே இல்லை. அந்தப் படத்தின்படி கொழுந்து இன்னும் ஈரம். ஆனால் அது நேற்று மத்தியானத்து ஈரம்.

அதற்குமேல் இன்னொரு சங்கடம். கோலாலம்பூரிலிருந்து, டீயை ருசி பார்த்துத் தரம் சொல்கிற கம்பெனியின் பெரிய டேஸ்டர் பூஜைக்கு வந்து பங்களாவில் தங்கியிருந்தார். காலையில் பசியாறிவிட்டு வாட்டுமாடிக்கு வந்து, தேங்காய் உடைத்ததும் முதல் ரோலிங்குக்கு எதை இறக்குவது என்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். டீ மேக்கர் பக்கத்திலேயே நிற்பார். கொழுந்தை அள்ளி அவரும் முகர்வார், "என்ன சொல்றீங்க முனியாண்டி" என்று கேட்பார். பச்சை வாசம் அடிக்கிற தொட்டியைக் காட்டி அண்ணன் "எறக்கு" என்று சொல்லிவிட்டால் அத்தோடு அவர் கதை முடிந்தது.

நான் ஆபீசுக்கு இறங்கி வரும்போது ஞானராஜ் சாரும் வந்துவிட்டார். மழைக்கோட்டை மாட்டி, முக்காலியை இழுத்து, "நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன மாறிச்சு?" என்றார்.

அப்போது கவிதா உள்ளே வந்தாள். கேள்வி காதில் விழுந்திருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே, "நான்தான் சார் நேத்து பழைய பைத்தான எடுத்தேன். ரெண்டு இருந்துச்சு, அதான்..." என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சார் அவளைப் பார்த்து, "சொன்னதுக்கு நன்றி. பாதி வேல முடிஞ்சிருச்சு" என்றார்.

மீதி வேலையைப் பார்க்க எனக்கு விசைப்பலகை வேண்டும், ஆபீசில் ஒன்றுகூடப் பூஜைக்குத் தப்பவில்லை. எங்களுடையது சாமிக்கு முன்னால், விசைகளே தெரியாத அளவுக்குச் சாமந்தி மாலையோடு, சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. தேங்காய் இன்னும் உடைக்கவில்லை. பூசாரி கம்போங் ராஜாவிலிருந்து வர வேண்டும், வழியில் பனிமூட்டம் என்று போன் வந்திருந்தது.

நான் சாரைப் பார்த்தேன். சார் கிறிஸ்துவர். எடு என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவர் அண்ணனைத்தான் பார்த்தார். "முனியாண்டி, இது உங்க பூஜ. நீங்க சொல்லுங்க. காத்திருக்கலாம்னா காத்திருக்கலாம்."

அண்ணன் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் குவார்ட்டர்சுக்காகவும் தன் மூக்குக்காகவும் தான் கட்டிக்காத்த வழக்கத்தைத் தானே மீறுவதா என்றுதான் யோசித்திருப்பார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், மாலையை மெதுவாக எடுத்துச் சாமி காலடியில் வைத்தார். விசைப்பலகையை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் முன்னால் வைத்தார்.

"தப்புன்னா எனக்கு வரட்டும். நீ வேலயப் பாரு."

பிஸ்கட் டின்னைத் திறந்து தம்ப் டிரைவை எடுத்தேன். முதலில் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். இந்த இடத்தில் பைத்தான் இல்லை என்று ஃபோல்டரின் விலாசத்தோடு ஒரே ஒரு வரி வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. எங்கே தேடுகிறேன் என்று அதுவே சொல்கிறது. அதே பழைய பைத்தானை, அதே முப்பத்திரண்டு பிட்டை, அதே விலாசத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும். ஒதுக்கி வைத்திருந்த துணைப் பொதிகளைக் கவிதா தொடவில்லை. வீட்டுக்காரர் திரும்பி வந்தால் சாமான்கள் வைத்தது வைத்தபடி இருக்கும். விலாசம் பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்தது.

பெரிய பொத்தானை விட்டேன். கீழே உள்ள வழியில் போனேன். எல்லாப் பயனாளர்களுக்கும். விலாசத்தை எழுத்து எழுத்தாகத் தட்டினேன். கவிதாவை உரக்க வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டேன். நிறுவுகிற பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது, விசைகளுக்கு நடுவில் குங்குமம் என் விரலில் ஒட்டிக்கொண்டே வந்தது.

அதற்குள் பங்களா ஜீப் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. சார் எழுந்தார்.

"முனியாண்டி, கை என்ன சொல்லுது?"

"கை வந்து, முத ரெண்டு தொட்டி ரெடின்னு சொல்லுது சார். புடிச்சா உருண்டையா நிக்குது, காம்பு வளையுது, ஒடியல. மூணாவதும் அப்படித்தான் தோணுது. ஆனா மனசு நம்ப மாட்டேங்குது."

"மனச இங்க செல்விகிட்ட விட்டுட்டு வாங்க. கையோட போவோம்."

இருவரும் போனார்கள். நான் வாட்டுமாடியில் நடந்ததைப் பார்க்கவில்லை. பிறகு சார் சொல்லித்தான் தெரியும். டேஸ்டர் வந்து கேட்டபோது அண்ணன் டிவியைப் பார்க்கவே இல்லையாம். முதல் தொட்டியில் கையை விட்டு அள்ளி, மூக்குக்குக் கொண்டுபோய், "இது எறக்கலாம். அடுத்ததும் எறக்கலாம்" என்றாராம். டேஸ்டர் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினாராம். மூன்றாவது தொட்டியில் கையை வைத்தபோதுதான் மேலே படம் மாறியது.

மீட்டர் பெட்டிக்குச் சொந்த ஞாபகம் உண்டு. பைத்தான் செத்துக் கிடந்த நேரமெல்லாம் அது தன்பாட்டுக்கு அளந்து வைத்திருந்தது. புரோகிராம் எழுந்ததும் இரவு முழுவதையும் ஒரே மூச்சில் வாங்கி வரைந்தது. முதல் இரண்டில் கோடுகள் ஒட்டிவிட்டன. மூன்றாவதில் இன்னும் இடைவெளி இருந்தது. அண்ணன் கையை எடுத்துவிட்டு, "இதுக்குக் கொஞ்சம் காத்து வேணும் சார்" என்றாராம். டேஸ்டர் இரண்டாம் தடவையும் தலையாட்டினாராம்.

ஆபீசில் கவிதா தேம்பிக்கொண்டே இருந்தாள். ஒரு பழைய பைத்தானுக்காக இவ்வளவு பேர் ஏன் இப்படி ஆனார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. சுண்டல் மிச்சம் இருந்தது, ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். பூசாரி வந்து தேங்காய் உடைத்தபோது விசைப்பலகை மறுபடி மாலையோடு சாமிக்கு முன்னால் இருந்தது. அண்ணன்தான் போட்டுவிட்டார். பூசாரிக்கு இன்றுவரை தெரியாது.

அதிலிருந்து முறையில் இன்னும் இரண்டு வரி சேர்ந்தது. ஒன்று, எதையும் நீக்குவதற்கு முன்னால் அதை யார் கூப்பிடுகிறார்கள் என்று பார். இன்னொன்று, புரோகிராம் செத்தால் அது செத்தது தெரிய வேண்டும். நான் ஒரு சின்ன மாற்றம் செய்து, படம் பழசானால் டிவி முழுக்கச் சிவப்பாகும்படி வைத்தேன். அதற்குப் பிறகு அது சிவந்தது ஒரு சில தடவைதான், ஒவ்வொரு தடவையும் நான் மாடிப்படி ஏறுவதற்குள் அண்ணன் இறங்கி வந்துவிடுவார்.

முனியாண்டி அண்ணன் முழு காலமும் வேலை செய்து ஓய்வு பெற்றார். திரிங்காப்பில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்தது, ராஜம்மாவுக்கும் தோது. கேன்டீனில் பிரியாணி போட்டுப் பிரியாவிடை வைத்தோம். ஞானராஜ் சார் பேசினார், நான் பேசினேன். மூக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் மூன்று பேருக்குள் இருந்ததை மூன்று பேருமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

கடைசியில் லெட்சுமியைப் பேசச் சொன்னார்கள். வாட்டுமாடியில் கொழுந்து விரிக்கிற பெண்களுக்கு அவள்தான் மூத்தவள். மைக்கை வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, நாளைலருந்து எங்களுக்குத் தொண்டை மிச்சம். நீங்க ஒவ்வொரு தொட்டிக்கா வர்றப்போ, 'ஏய் பழ வாசம் வந்துருச்சுடி, இதுல இன்னும் பச்ச வாசம்டி'ன்னு கத்திக் கத்தி எங்களுக்குத் தொண்டையே போச்சு."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. சாரைப் பார்த்தேன். அவர் சாவி சுற்றுவதை நிறுத்திவிட்டிருந்தார். அந்தப் பெண்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, தேங்காய் உடைக்கும்வரை அவர்களுக்கு விடுப்பு. அதனால்தான் அன்று அண்ணன் வாட்டுமாடியில் அத்தனை தனியாக நின்றிருக்கிறார்.

அண்ணன் எழுந்து நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க பேசறத நான் ஒட்டுக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன், லெட்சுமி. வெளிய சொல்ல வெக்கம். அப்பறம் மேல பாத்து அந்தக் கோட்டோட சரி பாத்துக்குவேன். இத்தன நாளும் நான் உங்ககிட்டருந்து திருடறேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"ஒங்களுக்குத்தான் லா அண்ணே சொன்னோம்" என்றாள் லெட்சுமி. "எங்களுக்கு எதுக்கு, மூக்கு இருக்குதே."